மங்கும் லேசரும்: என் முகத்தில் நடந்தது

முகத்தில் இருந்த கறுப்புத் திட்டுகளுக்கு லேசர் வேண்டும் என்று கேட்டுத்தான் போனேன். தோல் மருத்துவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அறையை இருட்டாக்கி, புற ஊதா ஒளி விடும் வுட்ஸ் விளக்கை முகத்தில் காட்டிப் பார்த்தார். கன்னத்தில் படர்ந்திருப்பது மங்கு (மெலாஸ்மா), கண்ணோரம் விளிம்பு தெளிவாகத் தெரிபவை வெயில் புள்ளிகள், இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்றார். இந்த ஒரு விளக்கத்துக்கே அவருக்குக் கொடுத்த பணம் தகும்.

நம்மைப் போன்ற ஆசியத் தோலில் நிறமி செல்கள் சட்டென்று சீண்டப்பட்டுவிடும். லேசரின் சூடு அதிகமானால் அழற்சி வந்து, அந்த இடம் முன்பைவிடக் கறுத்துப்போகலாம். மங்குக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதனால் முதலில் சில மாதம் நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன் கலந்த கிரீமும் சன்ஸ்கிரீனும் மட்டும்தான். அந்த கிரீமில் ஸ்டீராய்டும் உண்டு. அவர் நிறுத்தச் சொன்ன நாளில் நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் தோல் மெலிந்துவிடும். நண்பர்கள் பேச்சைக் கேட்டுத் தாங்களாகவே வாங்கிப் பூசுகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயம்தான்.

அப்புறம் காதோரம் ஓர் இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, வெயில் புள்ளிகளுக்கு 532 நானோமீட்டர் அலைநீளத்தில், மிகக் குறுகிய துடிப்புகளாக ஒளி விடும் க்யூ-ஸ்விட்ச்டு லேசர் வைத்தார்கள். கண்ணுக்கு மூடி போட்டுவிட்டார்கள். சூடான எண்ணெய் தெறித்தாற்போல் சுளீர் என்றது, அவ்வளவுதான். புள்ளிகள் உடனே சாம்பல் வெள்ளையாகி, பிறகு பழுப்புப் பொருக்காகின. கை பரபரத்தாலும் கிள்ளவில்லை. ஒரு வாரம் போல ஆனதும் தானாக உதிர்ந்தன. அந்த இடங்கள் நன்றாகவே தெளிந்துவிட்டன.

மங்குக்கு 1064 நானோமீட்டரில் குறைந்த சக்தியில், இடைவெளி விட்டுப் பல தடவை. இதை லேசர் டோனிங் என்கிறார்கள். நிறம் மெல்ல மெல்லத்தான் இறங்கியது. இன்னும் சில அமர்வுகள் வைக்கலாமா என்று நான் கேட்டபோது மருத்துவர் மறுத்துவிட்டார். அளவு மீறினால் நிறமி செல்கள் சேதமாகி வெள்ளைப் பொட்டுகள் விழலாம், அதைச் சரிசெய்வது மங்கைவிடக் கஷ்டமாம்.

அடுத்த கோடையில் மங்கு கொஞ்சம் திரும்பி வந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கிளப்பும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனுக்கு மாற்றினார். கிரீமையும் கொஞ்ச நாளுக்கு மறுபடி எழுதிக்கொடுத்தார். லேசர் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.