நூடுல்ஸ் நழுவுவது கையாலா, கடாயாலா?

தர்மபுரி நாலு ரோட்டிலோ கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கமோ சாயங்காலம் ஒரு பாஸ்ட் புட் வண்டியில் நூடுல்ஸ் வாங்கி, அதைச் சாப்ஸ்டிக்கால் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நாலு இழைதான் வரும். அதிலும் இரண்டு வாய்க்குப் போகும் முன்பே விழுந்துவிடும். உடனே எல்லோரும் கையைத்தான் குறை சொல்வார்கள். பாதிக் குற்றம் கடாயில் இருக்கிறது.

கரண்டியால் கொத்திக் கொத்திப் புரட்டும்போது நூடுல்ஸ் கொத்து பரோட்டா மாதிரி இரண்டு அங்குலத் துண்டுகளாகிவிடுகிறது. இழை குச்சியின் இரண்டு பக்கமும் தொங்கினால்தான் பிடி நிற்கும். துண்டு இழைக்குத் தொங்க நீளமே கிடையாது. அந்தப் பிளேட்டுக்கு ஸ்பூன்தான் சரி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சாப்ஸ்டிக்கில் சாப்பிட ஆசையிருந்தால் வீட்டில் செய்வது நல்லது.

முதலில் பிடி. இரண்டு குச்சியும் அசையும் என்று நினைப்பதில்தான் எல்லாச் சிக்கலும் ஆரம்பிக்கிறது. கீழ்க்குச்சி அசையவே கூடாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள குழியில் அதைப் படுக்க வைத்து, முன்பக்கத்தை மோதிர விரலின் நகத்தோரத்தில் தாங்க விடுங்கள். கட்டைவிரலின் அடிப்பாகம் அதை அழுத்திப் பிடித்திருக்கும். மேல்குச்சியைப் பேனா பிடிப்பது போலக் கட்டைவிரல் நுனி, ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பிடிக்க வேண்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேலே போனால் குச்சிகளின் வாய் திறக்கும், கீழே வந்தால் மூடும். கட்டைவிரல் கதவுக் கீல் மாதிரி ஒரே இடத்தில் நிற்கும்.

நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் பிடியுங்கள். பயத்தில் நுனிக்குப் பக்கத்தில் பிடித்தால் வாய் அகலமாகத் திறக்காது, விரலிலும் குழம்பு படும். இரண்டு நுனியும் சமமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தட்டில் லேசாக ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்துகொள்ளலாம். நுனிகள் கத்தரிக்கோல் போலக் குறுக்கே ஏறினால் கீழ்க்குச்சி மோதிர விரலை விட்டு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஐந்து நிமிஷத்தில் உள்ளங்கை வலித்தால் இறுக்கிப் பிடிக்கிறீர்கள். கீழே விழாத அளவுக்குப் பிடித்தால் போதும்.

பழகுவதற்குச் சீவாத இரண்டு பென்சில் போதும். ஆறு பட்டை இருப்பதால் உருளாது. முதலில் இட்லித் துண்டு, அடுத்து தோலோடு வேகவைத்த நிலக்கடலை, அதன்பின் உரித்த கடலை. நம்ம ஊருக்கென்றே ஒரு கடைசிப் பரீட்சை இருக்கிறது: மார்கழி, தை மாதத்துப் பிதுக்குப் பருப்பு, அதாவது தோலைப் பிதுக்கி எடுத்த மொச்சை. வேகவைத்த பிதுக்குப் பருப்பைக் குழம்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க முடிந்தவருக்கு நூடுல்ஸ் ஒரு பொருட்டே இல்லை. பொரியில் பழக வேண்டாம். எடையே இல்லாததால் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது விரலுக்குத் தெரியாது.

இனி சமையல். இரண்டு பேருக்கு 150 கிராம் உலர்ந்த கோதுமை நூடுல்ஸ், 2 லிட்டர் தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் போட வேண்டும். கட்டியை உடைத்துப் போடாதீர்கள். பாத்திரத்துக்குள் அடங்கவில்லை என்று பாதியாக ஒடிப்பதுதான் வீடுகளில் நடக்கிற முதல் தவறு. அரை நிமிஷத்தில் அது தானே இளகி உள்ளே படியும். பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே வடித்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஒரு டீஸ்பூன் எண்ணெய் பிசறி, அகலமான தட்டில் 20 நிமிஷம் ஆற விடுங்கள். சூட்டோடும் ஈரத்தோடும் கடாயில் போட்டால் மேல்மாவு பசையாகி ஒரே உருண்டையாக வரும். குச்சியால் ஒரு இழையை இழுத்தால் மொத்தத் தட்டும் எழுந்து வரும்.

கோஸ், கேரட், குடைமிளகாய் எல்லாவற்றையும் இரண்டு அங்குல நீளத்துக்குத் தீக்குச்சி போல நறுக்க வேண்டும். நீளக் காய் இழையோடு பின்னிக்கொண்டு மேலே வரும். பொடியாக நறுக்கிய காய் இடுக்கில் விழுந்து கடைசியில் தட்டோடு தங்கிவிடும். அப்புறம் ஸ்பூன் கேட்க வேண்டியதுதான். கடாய் புகையும் அளவுக்குச் சூடானதும் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், பூண்டு, காய், இரண்டு நிமிஷம். அதன்மேல் நூடுல்ஸ். ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், இரண்டு டீஸ்பூன் மிளகாய் சாஸ், ஒரு டீஸ்பூன் வினிகர். இரண்டு கரண்டியால் அடியிலிருந்து அள்ளித் தூக்கிப் போடுங்கள், குத்த வேண்டாம். எண்ணெய் கூடினால் இழை வழுக்கும். தட்டின் அடியில் எண்ணெய் தேங்கியிருந்தால், நழுவுவதற்கு உங்கள் கை பொறுப்பில்லை.

தட்டையான சாப்பாட்டுத் தட்டும் வேண்டாம், குழிவான கிண்ணம் வேண்டும். குச்சி தள்ளும்போது இழைக்கு முட்டுக்கொடுக்க ஒரு சுவர் தேவை. சூப் நூடுல்ஸ் என்றால் எவர்சில்வர் கிண்ணம் கையைச் சுடும், தூக்கிப் பிடிக்க முடியாது. சீனாவிலும் ஜப்பானிலும் கிண்ணத்தைக் கையில் எடுத்து வாய்ப்பக்கம் கொண்டுபோவது வழக்கம். கொரியாவில் கிண்ணத்தை மேஜையிலேயே விட்டுவிடுவார்கள். அங்கே உலோகக் கிண்ணம், உலோகக் குச்சி, கூடவே நீளக் கரண்டி. நம் வீட்டுப் பாத்திரங்களுக்கு அந்தக் கொரிய முறைதான் பொருந்தும், குச்சியை மட்டும் மூங்கிலில் வைத்துக்கொண்டால்.

எடுக்கும்போது குவியலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் ஆறேழு இழையைப் பிடியுங்கள். ஒரு சாண் உயரம் நேராகத் தூக்கினால் மற்ற இழைகள் பிரிந்து விழும். பிறகு தாழ்த்தி, தலையைக் கொஞ்சம் குனிந்து, நுனியை வாயில் வைத்து, மிச்சத்தைக் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். முள்கரண்டியில் சுற்றுவது போலக் குச்சியில் சுற்றாதீர்கள், இழுக்கும்போது அவிழ்ந்து சட்டையில் தெறிக்கும். சூப்பிலிருந்து எடுப்பதென்றால் இடது கையில் ஒரு குழிக்கரண்டி பிடித்து இழையின் வாலை அதில் தாங்கிக்கொள்ளுங்கள். ஜப்பானில் ராமென், சோபா என்ற நூடுல்ஸ் வகைகளைச் சாப்பிடும்போது சத்தமாக உறிஞ்சுவதில் தப்பில்லை. காற்றும் சேர்ந்து போவதால் சூடு குறையும், வாசனையும் கூடும். இலையில் பாயசத்தை வழித்து உறிஞ்சுகிற நமக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. சீனாவில் பிறந்தநாளுக்குச் சாப்பிடும் நீள நூடுல்ஸ் நீண்ட ஆயுளுக்கான அடையாளம் என்பதால் அதை வெட்டுவதில்லை. நம்ம வண்டிக்காரர் அங்கே கடை போட்டால் என்ன சொல்வார்களோ!

சோற்றில் குச்சியைச் செங்குத்தாக நட்டு வைக்கக் கூடாது, அது இறந்தவருக்குப் படைக்கிற முறை. ஜப்பானில் குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றுவதும் ஆகாது. தகனத்துக்குப் பிறகு எலும்பை அப்படித்தான் எடுப்பார்கள்.

கேழ்வரகு சேமியாவில் இதெல்லாம் நடக்குமா என்று நம் பக்கத்தில் கேள்வி வரும். நடக்காது. கோதுமையில் உள்ள குளூட்டன்தான் இழையை ரப்பர் போல இழுபட வைக்கிறது. கேழ்வரகிலும் சாமையிலும் தினையிலும் அது இல்லை, அதனால் வெந்ததும் பொடிந்துவிடும். சீனாவின் லாஜியா என்ற இடத்தில் கவிழ்ந்து கிடந்த ஒரு மண்கிண்ணத்தில், சுமார் 4000 ஆண்டுப் பழைய நூடுல்ஸ் கிடைத்ததாக 2005-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அது தினையும் பனிவரகும் சேர்ந்த மாவு என்றார்கள். தினை மாவை அவ்வளவு நீளமாக இழுக்க முடியுமா என்று வேறு சிலர் பின்னால் சந்தேகம் கிளப்பினார்கள். வீட்டில் சிறுதானிய மாவு பிசைந்தவர்களுக்கும் அதே சந்தேகம்தான் வரும். கேழ்வரகு சேமியாவுக்கும் சந்தகைக்கும் கையே போதும்.

குச்சி வாங்குவதென்றால் பாலிஷ் போடாத மூங்கில். பளபளக்கும் அரக்குப் பூச்சிலும் ஸ்டீலிலும் இழை வழுக்கும். நீளத்துக்கு ஜப்பானியக் கணக்கு ஒன்று உண்டு: கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் செங்கோணமாக விரித்து, இரு நுனிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை ஒன்றரை மடங்காக்கினால் அதுதான் உங்கள் அளவு. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 22, 23 சென்டிமீட்டர் வரும். பார்சலோடு வருகிற, பிய்த்துப் பிரிக்கும் ஒட்டுக்குச்சியை ஒருமுறையோடு தூக்கிப் போட்டுவிட வேண்டும். நல்ல மூங்கிலை ஊற வைக்காமல் உடனே கழுவி, துடைத்து, படுக்க வைத்துக் காய விடுங்கள். ஈரத்தோடு டப்பாவில் நிறுத்தினால் அடியில் இருக்கிற முனை கறுத்துப் பூசணம் பிடிக்கும். ஒன்று கறுத்தாலும் ஜோடியாகவே எறிந்துவிடுங்கள்.