குட்டிம்மாவின் முதுகில் 100 மில்லி

என் பூனை குட்டிம்மாவுக்கு அப்போது 13 வயது. தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரமே காலியாவதைப் பார்த்து, நன்றாகத் தண்ணீர் குடிக்கிறாளே என்று சந்தோஷப்பட்டேன். மணல் பெட்டியில் சிறுநீர்க் கட்டிகள் இரண்டு மடங்கு பெரிதாகியிருந்தன. அதையும் நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொண்டேன். உண்மையில், சிறுநீரைக் கெட்டியாக்கும் வேலையைச் சிறுநீரகம் கைவிட்டதால் உடம்பிலிருந்த நீரெல்லாம் வெளியேறிக்கொண்டிருந்தது; அதை ஈடுகட்டத்தான் அவள் குடித்தாள். 4.6 கிலோ இருந்தவள் 3.9 கிலோ ஆன பிறகுதான் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், ரத்தத்தில் 3.4. சிறுநீரக நோயின் நான்கு நிலைகளில் மூன்றாவது என்றார் டாக்டர். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் தெளிவாக ஏறும் என்றும், போனதை மீட்க முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றும் சொன்னார். அன்று இரவு தூங்கவில்லை.

உடம்பில் நீர் வற்றாமலிருக்க, வீட்டிலேயே தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புகள் கலந்த திரவத்தை ஏற்றச் சொன்னார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், 100 மில்லி. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, அதன் அடிப்பக்கத்தில் ஊசியை முதுகெலும்பை ஒட்டிய வாக்கில் செலுத்த வேண்டும். டாக்டர் செய்தபோது சுலபமாகத்தான் தெரிந்தது. வீட்டில் முதல் நாள் ஊசி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்துவிட்டது. திரவம் முழுக்க அவள் ரோமத்தில் வழிந்தது. அவள் கட்டிலுக்கடியில், நான் தரையில் அழுதபடி.

பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. பையை வெதுவெதுப்பான நீரில் வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவேன். குளிர்ந்த திரவம் உள்ளே போனால் சிலிர்த்து எழுந்துவிடுவாள். மெல்லிய ஊசிதான் வலிக்காது என்று நினைத்திருந்தேன். ஆனால் அதில் 100 மில்லி இறங்குவதற்குள் அவள் பொறுமை போய்விடும். டாக்டர் 18ஆம் எண் ஊசிக்கு மாற்றினார், சில நிமிடங்களில் முடிந்தது. எண் குறைந்தால் ஊசி தடிமன் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒவ்வொரு முறையும் புது ஊசி. ஏற்றி முடித்ததும் முதுகில் பந்து மாதிரி வீங்கும், சில மணி நேரத்தில் அது முன்னங்காலுக்கு இறங்கிவிடும். முதல் முறை பார்த்துப் பதறிவிட்டேன். அது கரைந்துவிடும். ஆனால் அடுத்த முறை ஏற்றும் நேரம் வந்தும் கரையாமல் இருந்தால், மேலே ஏற்றாமல் டாக்டரைக் கேட்க வேண்டும். அதிக நீர் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் ஆபத்து.

ஊசியைவிட என்னைப் பாடாய்ப் படுத்தியது சாப்பாடு. பாஸ்பரஸ் குறைந்த சிறுநீரக உணவுக்கு ஒரே நாளில் மாற்றினேன். இரண்டு நாள் வாயில் வைக்கவில்லை. டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே உயிருக்கு உலை வைக்கும், எதையாவது சாப்பிடுவதுதான் முதலில் முக்கியம் என்றார். சரி என்று பழைய உணவுக்கே திரும்பி, புதியதை ஒரு ஸ்பூன், அப்புறம் இரண்டு ஸ்பூன் என்று கலந்து முழுதாக மாற ஐந்து வாரம் ஆனது. மாத்திரையை உணவில் பொடித்துப் போடுவதையும் நிறுத்தினேன். கசப்பை அந்த உணவோடு சேர்த்து நினைவு வைத்துக்கொள்கிறாள்.

இன்னொன்றை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. கிண்ணம் வரை ஆசையாக வருவாள், முகர்வாள், உதட்டை நக்கிவிட்டுத் திரும்பிப் போவாள். பிடிவாதம் என்று நினைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அது குமட்டல். வாந்தி எடுத்தால்தான் குமட்டல் என்றில்லை. குமட்டலுக்கு மாத்திரை தொடங்கிய மறுநாளே கிண்ணத்தைக் காலி செய்தாள். அத்தனை நாள் பசியோடு இருந்திருக்கிறாள் என்பதை இப்போது நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

ஒவ்வொரு ஞாயிறும் குழந்தைகளுக்கான எடைமானியில் நிறுத்தி நோட்டில் எழுதுகிறேன். 14 மாதம் ஆகிவிட்டது. இப்போது 4.1 கிலோ, கிரியாட்டினின் 3.1, ரத்த அழுத்தம் 150. நாளை மறுநாள் அடுத்த ரத்தப் பரிசோதனை. ஜன்னல் திட்டில் ஏறும்போது பின்னங்கால் கொஞ்சம் தளர்வது போல எனக்குத் தெரிந்தது; பொட்டாசியம் குறைந்ததால் இருக்குமோ என்று அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.