சி சேமித்த விஸ்டமும் எங்கள் ஃபோர்ட்ரான் மாடலும்

ஃபூரியர் மாற்றத்துக்கு எஃப்எஃப்டிடபிள்யூ (FFTW) என்ற லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அந்தக் காத்திருப்பு தெரிந்திருக்கும். பேஷண்ட் ஃபிளாக் (பொறுமையாகத் தேடு என்ற குறி) கொடுத்து பிளான், அதாவது கணக்கை எப்படிச் செய்வது என்ற திட்டம், போடச் சொன்னால், ஒரே கணக்கைப் பல வழிகளில் ஓட்டி, நேரம் அளந்து, நம் கணினியில் எது வேகமோ அதை எடுத்துக்கொள்ளும். எங்கள் முப்பரிமாணக் கட்டத்துக்கு 40 நிமிடம் பிடித்தது. ஒவ்வொரு தடவையும் அப்படிக் காத்திருக்க முடியாது என்று, சி-யில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி, கிடைத்த விஸ்டத்தை, அதாவது எது வேகம் என்று அது கண்டுபிடித்து வைத்ததை, ஃபைலில் சேமித்து, அதை ஃபோர்ட்ரானில் இருந்த பெரிய மாடலில் ஏற்றினேன். அதற்காகவே மாடலை எஃப்எஃப்டிடபிள்யூவின் பழைய இடைமுகத்திலிருந்து 3.3 பதிப்பில் வந்த புதிய ஃபோர்ட்ரான் இடைமுகத்துக்கு மாற்றியிருந்தேன்.

மாடல் ஓடியது. ஆனால் மறுபடியும் அதே 40 நிமிடம்.

ஃபைல் பெயரில்தான் முதல் கோளாறு. சி-க்கு எழுத்துச்சரத்தின் கடைசியில் முடிவைக் காட்டும் நல் (null) எழுத்து வேண்டும், ஃபோர்ட்ரான் அதைத் தானாக வைக்காது. ஏற்ற முடியாவிட்டால் ஃபங்ஷன் 0 திருப்பித் தரும், அவ்வளவுதான், வேறு சத்தமே வராது. அதைச் சரிசெய்தும் 0 தான் வந்தது. விஸ்டம் ஃபைலைத் திறந்து பார்த்தால் முதல் வரியில் பதிப்பு எண், அதை ஒட்டி நான்கு ஹெக்ஸ் எண்கள். லைப்ரரியில் அந்த நேரத்தில் பதிவாகியிருக்கும் வழிமுறைகளின் கையொப்பம் அது. சி-யில் த்ரெட்களை (ஒரே நேரத்தில் பல கோர்களில் ஓட்டும் வசதி) முதலிலேயே தொடங்கியிருந்தேன், ஃபோர்ட்ரானில் விஸ்டத்தை ஏற்றிய பிறகு. த்ரெட்களைத் தொடங்கினால் வழிமுறைகள் கூடும், அதனால் கையொப்பம் பொருந்தவில்லை. வரிசையை மாற்றியதும் 1 வந்தது.

சரி, முடிந்தது என்று நினைத்தால் பிளான் போட அப்போதும் அதே நேரம். அன்றைக்குத்தான் விஸ்டம்-ஒன்லி ஃபிளாக்கைச் சேர்த்தேன். சேமித்ததில் இருந்தால் கொடு, இல்லாவிட்டால் பிளான் இல்லை என்று வெறும் (null) பாயின்டரைக் கொடு என்பதுதான் அதன் பொருள். வெறும் பாயின்டர் வந்தது. சி-யில் 512, 256, 128 என்று கொடுத்தது, ஃபோர்ட்ரானில் 128, 256, 512 என்று அறிவித்த அதே அணிதான். பழைய இடைமுகம் இந்த அளவுகளைத் தானே திருப்பிக்கொள்ளும், புதியது சி ஃபங்ஷனை நேரே கூப்பிடுவதால் நாமே திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் திருப்பவில்லை.

அதாவது பிரச்சினை வேகத்தில் மட்டும் இல்லை, விடையே தப்பு. முன்னும் பின்னும் மாற்றிப் பார்க்கும் எங்கள் சோதனையில் இது சிக்காது, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே தவறு என்பதால் போட்ட எண் அப்படியே திரும்பி வந்துவிடும். இடைமுகத்தை மாற்றிய நாளிலிருந்து ஓட்டிய எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினோம். விஸ்டம்-ஒன்லி ஃபிளாக்கை இன்னும் எடுக்கவில்லை.