‘நத்திங்’ என்று சொன்னது நான்

மணி இரவு ஒன்பதே முக்கால். மேஜைக்கு அந்தப் பக்கம் ஊக்கமருந்துச் சோதனை அதிகாரி, இந்தப் பக்கம் நான் பயிற்சி கொடுக்கும் ஓட்டக்காரப் பெண், அவளுக்குத் துணையாக நான். படிவத்தில் ஒரு கட்டம்தான் பாக்கி. கடந்த 7 நாளில் எடுத்துக்கொண்ட மாத்திரை, மருந்து, ஊசி, சப்ளிமெண்ட். அதிகாரி இந்தியில் கேட்டார், பிறகு ஆங்கிலத்தில் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பி, “சார், அந்தச் சளி…” என்று ஆரம்பித்தாள். நான் அவரைப் பார்த்து “நத்திங்” என்றேன். அவர் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

பத்து விநாடிகூட இருக்காது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் மூன்று பதில்கள் இருக்கின்றன. கேட்கிற ஆளைப் பொறுத்து ஒன்றை எடுத்துக் கொடுப்பேன்.

முதல் பதில், களைப்பு. இது பொய்யில்லை. 800 மீட்டர் ஓடி முடித்த உடம்பில் சிறுநீர் சுலபத்தில் வராது. குறைந்தது 90 மில்லி வேண்டும். வரவில்லையே என்று பிள்ளைகள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிப்பார்கள், அங்கேதான் கோளாறு. நீர்த்துப்போன மாதிரி செல்லாது. மாதிரி 150 மில்லிக்குக் குறைவாக இருந்து, அடர்த்தி 1.005-க்குக் கீழே போனால் மறுபடி கொடுக்க வேண்டும். அன்று அவள் மூன்று பாட்டில் குடித்திருந்தாள். முதல் மாதிரி 1.002. இரண்டாவதற்காக ஒன்றரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு முறையும் பெண் உதவியாளர் ஒருவர் கழிவறைக்குள் கூடவே போவார். சட்டையை மார்புக்குக் கீழ்வரை சுருட்டி, பேண்ட்டை முழங்காலுக்கு இறக்கி, கைச்சட்டையை மேலே ஏற்றி, அவர் பார்க்கிற மாதிரி கொடுக்க வேண்டும். மலையில் வளர்ந்த 19 வயதுப் பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பிறகு சீல் உடைக்காத பெட்டிகளில் ஒன்றை அவளே தேர்ந்தெடுத்து, பி பாட்டிலில் 30 மில்லி, ஏ பாட்டிலில் 60 மில்லி என்று தன் கையாலேயே ஊற்றி, மூடியை ‘டிக் டிக்’ என்று அது நிற்கும்வரை திருகினாள். அந்த வேலையைப் பிசகில்லாமல் செய்தாள். எண்களைப் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தேன், இரண்டு முறை பார்த்தாள். கட்டம் வரும்போது ரயிலுக்கு ஐம்பது நிமிடம்தான் இருந்தது.

இரண்டாவது பதில், மைதானத்துச் சாஸ்திரம். ‘எழுதினா அதையே தேடுவாங்க’ என்று பயிற்சியாளர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. முழுத் தவறு. ஆய்வகத்துக்குப் பெயர் போகாது, குறியீட்டு எண்தான் போகும். எழுதினாலும் எழுதாவிட்டாலும் தடைப் பட்டியலில் இருப்பதைத்தான் தேடுவார்கள். எழுதுவது நம் பாதுகாப்புக்கு. பின்னால் ஏதாவது வந்தால், ‘மறைக்கவில்லை, அன்றைக்கே சொன்னேன்’ என்று காட்ட அந்த ஒரு வரிதான் இருக்கும். இது எனக்கு அன்றும் தெரியும். வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாவது பதிலைப் பிறகு சொல்கிறேன்.

அவள் மாதிரியில் வந்தது டெர்புடலின் என்ற தடை மருந்து. ஏற்காட்டுப் பனியில் நெஞ்சுச்சளி கட்டி, மேலே ஒரு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய இருமல் சிரப். நம் ஊரில் விற்கும் சளி சிரப்புகளில் நிறைய இந்த வகைதான். டெர்புடலின், புரோம்ஹெக்சின், குவைஃபெனெசின் மூன்றும் சேர்ந்த கலவை, 5 மில்லிக்கு டெர்புடலின் 1.25 மில்லிகிராம். பின்னிரண்டும் விளையாட்டில் தடையில்லை. முதலாவது எந்த நாளிலும் தடை, போட்டி நாள், பயிற்சி நாள் என்ற பேதமில்லை. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகளில் சால்புடமால் போன்ற சிலவற்றுக்கு மட்டும், அதுவும் இன்ஹேலரில், அளவோடு அனுமதி. அதே சால்புடமாலை சிரப்பாகக் குடித்தால் குற்றம். போதாததற்கு, ஒரே பிராண்டில் நாலைந்து வகை வரும். பெயர் அதேதான், கடைசியில் ஒட்டியிருக்கும் எழுத்து மாறினால் உள்ளே மருந்தே வேறு. போன முறை குடித்தது ஒன்றும் செய்யவில்லையே என்று இந்த முறையும் அதே பெயரைச் சொல்லி வாங்குகிற பிள்ளை அங்கேதான் மாட்டும். அட்டைப்பெட்டியில் பெயரைப் பார்க்கக் கூடாது, பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானத்தைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு வீரர்கள் பயன்படுத்தும் மருந்துத் தேடல் தளத்தில் நம் நாட்டு பிராண்டுகள் கிடையாது. மூலப்பெயரைத்தான் தேட வேண்டும்.

செய்தி பரவிய மறுநாள் சேலம் காந்தி ஸ்டேடியத்துக்கு வெளியே தட்டுவடை செட் கடையில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. நான்கு பேர். மூத்த பி.டி. மாஸ்டர் ஒருவர் அவளுக்காகப் பரிந்தார்.

“விடுங்க சார், மலைப் புள்ளைங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க.”

“பொய் தெரியாது, சரிங்க. லேகியம் தெரியுமில்ல?” என்றார் இன்னொருவர். கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மூன்றாமவர் புள்ளிவிவரக்காரர். 2023-ல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரியில் 213-ல் தடை மருந்து, 3.8 சதவீதம், இப்படிப்பட்ட நாட்டில் இருமல் மருந்துக் கதையை எவன் நம்புவான் என்றார். அந்த எண் சரிதான். அதனால்தான் அது வலிக்கிறது. மெட்டான்டியனோன் என்ற ஸ்டெராய்டு மாத்திரை போட்டவனும் சிரப் குடித்தவளும் அந்த 213-க்குள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

நான்காமவர், “சாந்தி கேஸ் மாதிரிதானே இதுவும்” என்றார். அங்கே எனக்குக் கோபம் வந்தது. 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் சாந்தி சௌந்தரராஜன் வாங்கிய வெள்ளியைப் பறித்தது பாலினப் பரிசோதனை. மருந்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இத்தனை வருடம் கழித்தும், விளையாட்டே தொழிலாக இருக்கிறவர்கள் வாயிலேயே அது ஊக்கமருந்து கேஸாகத்தான் இருக்கிறது. ஏழை வீட்டுப் பெண், பதக்கம், பிறகு ஏதோ டெஸ்ட். இந்த மூன்றும் சேர்ந்தால் மீதியை ஊரே நிரப்பிக்கொள்கிறது.

ஆனால் இதை வைத்து, பாகுபாடு பேசினால் எல்லாம் தீர்ந்தது என்று சொல்லவும் முடியாது. ஓட்டக்காரர் த்யுதி சந்த் 2015-ல் விளையாட்டு நடுவர் மன்றத்தில், பெண்களின் ஆண் ஹார்மோனுக்கு வரம்பு வைத்த விதியையே நிறுத்தி வைக்கச் செய்தார், நியாயமான போராட்டம். அதே த்யுதிக்கு 2022 டிசம்பரில் எடுத்த மாதிரியில் தசை வளர்க்கும் மருந்து இருந்ததாக நான்காண்டுத் தடை வந்தது. ஒருமுறை அநியாயம் நடந்தது என்பதால் அடுத்த முறையும் அநியாயம்தான் என்று ஆகிவிடாது. கடையில் இதையும் சொன்னேன். சொன்னபோது எனக்கே என் குரல் ரொம்ப நடுநிலையாகக் கேட்டது, அதுவும் பிடிக்கவில்லை.

பி.டி. மாஸ்டர் விடவில்லை. “மலைக்காத்துல வளர்ந்த நுரையீரல் சார், அதுக்கு எதுக்கு மருந்து?” என்றார். பாராட்டுதான். ஆனால் ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். ரத்தத்தில் சிவப்பணு கூடுகிற உயரப் பயிற்சிக்குப் பொதுவாக 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நான்கு வாரமாவது தங்க வேண்டும். அதோடு அவள் இரண்டு வருடமாக இருந்தது கீழே சேலத்து விடுதியில். காலை ஐந்தரைக்கு 400 மீட்டர் எட்டு முறை, இடையில் 90 விநாடி ஓய்வு, வாரத்தில் ஆறு நாள். ஓடியது அந்தக் கணக்கு. காற்றுக்கு அந்தப் பெருமையைக் கொடுக்கிறவர்களும் லேகியத்துக்குக் கொடுக்கிறவர்களும் அவளிடம் கேட்காமலே பேசுகிறார்கள். இப்படி யோசித்துக்கொண்டே போனால் அந்தக் கட்டத்தில்தான் வந்து முட்டுகிறேன்.

விதி என்ன கேட்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். உடம்பில் இருந்தால் பொறுப்பு வீரருடையது. எப்படி வந்தது, தெரிந்தா தெரியாமலா என்பதெல்லாம் தண்டனைக் கணக்குக்குத்தான். டெர்புடலின் ‘குறிப்பிட்ட பொருள்’ என்ற வகையில் வருகிறது. வேண்டுமென்றே எடுத்ததாக அவர்கள் நிரூபிக்காவிட்டால் இரண்டாண்டு. பெரிய அளவில் தவறில்லை என்று நாம் காட்டினால் எச்சரிக்கையிலிருந்து இரண்டாண்டுவரை எதுவும் ஆகலாம். அந்த இடைவெளி முழுக்க காகிதத்தால் நிரப்ப வேண்டிய இடைவெளி. முதலில், மருந்து எப்படி உள்ளே போனது என்று காட்ட வேண்டும். பில், மருத்துவர் சீட்டு, காலி பாட்டில், பேட்ச் எண்.

எங்களிடம் எதுவும் இல்லை. பாட்டிலை அவள் அம்மா கழுவி எண்ணெய் ஊற்றி வைத்துவிட்டார், லேபிள் பாதி உரிந்துபோயிருந்தது. கடைக்காரரிடம் போனேன். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் சீட்டில்லாமல் தரக்கூடாத மருந்து அது. கொடுத்தேன் என்று எழுதிக் கொடுத்தால் அவர் லைசென்ஸுக்கு ஆபத்து. “பொண்ணு நல்ல பொண்ணுங்க சார், ஆனா நான் எழுதித் தர முடியாதுங்க” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மறுசோதனைக்கென்று வைத்திருக்கும் பி பாட்டிலைத் திறக்கச் சொல்லலாமா என்று யோசித்தோம். குடித்தது உண்மை என்றால் பி-யிலும் அதுதான் இருக்கும், செலவுதான் மிச்சம். விட்டுவிட்டோம்.

இதே டெர்புடலின் 2019-ல் பிருத்வி ஷாவின் மாதிரியில் வந்தது. அவரும் இருமல் சிரப் என்றார், கிரிக்கெட் வாரியம் நம்பியது. எட்டு மாதம், மார்ச் 16 முதல் முன்தேதியிட்டு. உத்தரவு வெளியானபோது, அந்தக் காலத்துக்குள் ஐபிஎல் ஆடியே முடித்திருந்தார். வாரியம் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் கீழ் வரச் சம்மதித்தது அதற்கப்புறம், அதே ஆண்டு ஆகஸ்ட்டில். டென்னிஸில் யானிக் சின்னருக்கு 2024-ல் க்ளோஸ்டிபால் என்ற ஸ்டெராய்டு, பிசியோ தன் காயத்துக்கு அடித்த ஸ்ப்ரேயிலிருந்து வந்தது என்றார்கள். ஸ்ப்ரேயை வாங்கியது யார், எவர் விரல் காயத்தில் அடித்தது, அந்தக் கை எத்தனை நாள் அவர் உடம்பைத் தேய்த்தது என்று வரிசையாகக் காட்ட அவருக்கு ஆட்கள் இருந்தார்கள். கடைசியில் மூன்று மாதம். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லவும் பில் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் என் வயிற்றெரிச்சல். ஆய்வகத்து இயந்திரத்துக்குச் சாதி தெரியாது, மலை தெரியாது. பாட்டிலைத் தாண்டியதும்தான் ஆரம்பிக்கிறது.

இப்படி நன்றாகப் பேசுகிறேன், இல்லையா? எங்களுக்கும் ஒரு பில் இருந்திருக்கும். காசில்லாத பில். அந்தக் கட்டத்தில் ‘இருமல் சிரப், 3 நாள்’ என்று நான்கு சொல்.

மூன்றாவது பதிலுக்கு வருகிறேன். அவள் “அந்தச் சளி…” என்றபோது, மிளகுக் கஷாயத்தைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அதிகாரி முன்னால் கஷாயம், பற்று, கைவைத்தியம் என்று அவள் அடுக்கிவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு ஒரு கூச்சம். லேகியம் என்று சிரித்தவருக்கும் எனக்கும் அந்தப் பத்து விநாடியில் எவ்வளவு தூரம் இருந்தது? அவள் பிளஸ் டூவில் உயிரியல் படித்தவள். சிரப்பின் பெயர் அவளுக்குத் தெரியும். பின்னால் கேட்டபோது எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.

எழுதியிருந்தாலும் தடை வந்திருக்கும் என்பதும் உண்மை. டெர்புடலின் டெர்புடலின்தான். சில மாதம் குறைந்திருக்கலாம், குறையாமலும் போயிருக்கலாம். இந்த வாதத்தை இரவில் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நல்ல வாதம்தான். காலையில் அது அவ்வளவு உதவுவதில்லை.

விசாரணை வீடியோவில் நடந்தது. மேலே நெட்வொர்க் நிற்காது என்று அவளை அடிவாரத்துக்கு வரவழைத்து, அஸ்தம்பட்டியில் நண்பர் ஒருவரின் அலுவலக அறையில் உட்கார்ந்தோம். மூன்று பேர் திரையில். மொழிபெயர்க்க நான். படிவத்தில் ஏன் குறிப்பிடவில்லை என்று கேட்டார்கள். நான் தமிழில் திருப்பிக் கேட்பதற்கு முன்பே, அவள் ஆங்கிலத்தில், “ஐ ஃபர்காட், சார்” என்றாள்.

அவள் மறக்கவில்லை. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். மைக் என் பக்கம்தான் இருந்தது. நான் திருத்தவில்லை. திருத்தினால் அவள் மாற்றிச் சொல்வதாகத் தோன்றும், அது அவளுக்கே பாதகம் என்று அப்போது கணக்குப் போட்டேன். துணை வந்தவன்தான் தடுத்தான் என்றால் அது தண்டனையைக் குறைக்கும் என்ற எதிர்க் கணக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றவில்லை என்றுதான் சொல்கிறேன்.

ஓராண்டு. அந்தக் காலத்தில் சங்கத்து மைதானத்தில் மற்றவர்களோடு பயிற்சி எடுக்கக் கூடாது, கடைசிப் பகுதியில்தான் திரும்பலாம். அதனால் மலையில் தனியாக ஓடினாள். எஸ்டேட் பாதையில் தூரம் சரியாக அளக்க முடியாது, நேரத்தை வைத்து ஓடச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் நிமிடங்களை மட்டும் அனுப்புவாள்.

தீர்ப்பு நகல் வந்த வாரம் சேலம் வந்தாள். பதினோரு பக்கம், ஆங்கிலம். தெரியாத சொற்களுக்கு அடியில் பென்சில் கோடு போட்டு, பக்கத்தில் போனில் பார்த்த அர்த்தத்தை எழுதியிருந்தாள். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தை மட்டும் காட்டினாள்.

“நெக்லிஜென்ஸ்னா கவனக்குறைவுதானே சார்?”

“ஆமா.”

“யாரோடதுன்னு போட்டிருக்காங்க?”

மேலே இருந்த வரியை விரலால் தேடி, ‘அத்லெட்’ என்று போட்டிருக்கிறது என்றேன். சரிங்க சார் என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஐந்து மணி ஏற்காடு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.