இன்ஜின் வேலைக்கு அப்புறம் கியர் விழவில்லையா? கியர்பாக்ஸைப் பிரிக்க விடாதீர்கள்

மூன்று வாரம் அலைந்து நேற்றுதான் வண்டி சரியாகி வீட்டுக்கு வந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், யாருக்காவது ஒரு 14 ஆயிரம் மிச்சமாகட்டும்.

வண்டி 2009 ஆல்ட்டோ, அப்பா வாங்கியது. புகை தள்ளி ஆயில் குடித்ததால் திருநெல்வேலியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினை இறக்கி போரிங் (சிலிண்டரைக் கடைவது), பிஸ்டன், ரிங், கூடவே புது கிளட்ச் செட் என்று எல்லாம் மாற்றினோம். இன்ஜின் வேலையில் குறை சொல்ல மாட்டேன், தையல் மிஷின் மாதிரி ஓடுகிறது. ஆனால் டெலிவரி எடுத்த அன்றே முதல் கியர் முரண்டு பிடித்தது. புது பிளேட், ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார்கள். நம்பி அம்பாசமுத்திரம் வந்துவிட்டேன்.

நான்காம் நாள் அம்மாவைக் கண் பரிசோதனைக்குப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போகும்போது வீரவநல்லூர் கடைத்தெருவில் எதிரே பஸ் வந்துவிட்டது. பின்னால் எடுக்க வேண்டும், ரிவர்ஸ் போட்டால் கர்ர்ர் என்று கடிக்கிறது. கிளட்சைத் தரையோடு மிதித்திருக்கிறேன், அப்படியும் வண்டி முன்னால் ஊர்கிறது. வேறு வழியில்லாமல் இன்ஜினை அணைத்து, ரிவர்ஸ் போட்டு, கிளட்சை மிதித்தபடியே சாவியைத் திருப்பினேன். வண்டி குதித்துப் பின்னால் போனது. அம்மா டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு "வேண்டாம் ராசா, நாம பஸ்லயே போயிருவோம்" என்றாள். பஸ்ஸில்தான் போனோம்.

அதற்கப்புறம் அந்த ஒர்க்‌ஷாப்புக்கு மூன்று நடை. ஒவ்வொன்றும் போக 35 கிலோமீட்டர், வர 35. முதல் நடையில் கிளட்ச் கேபிளை இழுத்து இறுக்கினார்கள், இரண்டு நாள் தேவலை, பிறகு பழைய கதை. இரண்டாவது நடையில் கியர் ஆயிலை வடித்துவிட்டு 140 நம்பர் ஆயிலை ஊற்றினார்கள். இந்தச் சின்ன பாக்ஸுக்கு அது ரொம்பக் கெட்டி. காலையில் வண்டி ஆறியிருக்கும்போது இரண்டாம் கியரும் விழாமல் போனது. மூன்றாவது நடையில், "வண்டி பழசு அண்ணாச்சி, கியர்பாக்ஸ் போயிட்டு. சிங்க்ரோ ரிங் எல்லாம் மாத்தணும், 14 ஆயிரம் ஆகும்" என்றார் அங்கிருந்த மெக்கானிக். இன்ஜினை இறக்கும் முன்பு வரை வெண்ணெய் மாதிரி விழுந்த கியர் எப்படி நான்கு நாளில் போகும் என்று கேட்டால் பதில் இல்லை. கோபம் வந்ததே அந்த இடத்தில்தான். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சேரன்மகாதேவியில் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரு பெரியவர், அந்தக் காலத்து அம்பாசிடர் மெக்கானிக். அவர் ஸ்பானரையே தொடவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்து கியரையும் போட்டுப் பார்த்தார், எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்தன. ஸ்டார்ட் பண்ணி, கிளட்சை முழுசாக மிதித்து ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டார், கடித்தது. கியரைக் கடிக்காமல் விழ வைக்கும் சிங்க்ரோ வளையம் ரிவர்ஸுக்குக் கிடையாது என்பதால், கிளட்ச் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் முழுசாகப் பிரித்துவிடவில்லை என்றால் ரிவர்ஸ் உடனே காட்டிக்கொடுத்துவிடுமாம். கடைசியாக இன்ஜினை அணைத்து, முதல் கியரில் வைத்து, என்னைக் கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு இரண்டு பையன்களைத் தள்ளச் சொன்னார். சமதரைதான், அப்படியும் வண்டி முக்கி முக்கித்தான் நகர்ந்தது. "பாக்ஸ்ல ஒண்ணுமில்ல தம்பி. கிளட்ச் ஒட்டிக்கிட்டு நிக்கி" என்றார். இந்த மூன்று சோதனைக்கும் பத்து நிமிடம்கூட ஆகாது, காசும் கிடையாது. யாராவது கியர்பாக்ஸ் என்று வாயைத் திறந்தால் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

கிளட்ச் பிளேட்டைப் பக்கம் மாற்றி மாட்டியிருப்பார்கள் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். பாக்ஸை இறக்கினால் பிளேட் சரியான பக்கம்தான் இருந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அவர் எதுவும் பேசாமல் இன்ஜின் பிளாக்கின் பின்முகத்தைத் துணியால் துடைத்து, விரலால் சுற்றித் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். அப்புறம் எதிர்ப்பக்கம் இன்னோரிடம். "இங்க பாரு" என்றார். இரண்டு வெறும் ஓட்டை. டவல் பின் (dowel pin) இருக்க வேண்டிய இடம்.

சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும், உள்ளே பொந்தாக ஒரு சின்ன இரும்புக் குழாய். பிளாக்கும் கியர்பாக்ஸும் ஒரே மையத்தில் உட்காருவது இந்த இரண்டு பின்களால்தான், போல்ட்டால் இல்லை. போல்ட் ஓட்டையில் கொஞ்சம் இடைவெளி உண்டு என்பதால் பின் இல்லாவிட்டால் பாக்ஸ் மயிரிழை கீழே இறங்கிவிடும். கியர்பாக்ஸ் ஷாப்ட் கோணிக்கொள்ளும், கிளட்ச் பிளேட் அதில் தாராளமாக நகர முடியாமல் இன்ஜினோடு சுற்றும் பிளைவீலிலேயே உரசிக்கொண்டு நிற்கும். ஷாப்ட்டின் பல்லில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்ததைக் காட்டினார். இன்னும் ஓட்டியிருந்தால் பேரிங்கும் போயிருக்கும், அப்போது அவர்கள் சொன்ன 14 ஆயிரம் உண்மையாகவே ஆகியிருக்கும்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டேன். "எதுவும் விட்டுப்போகல, கழட்டுனதெல்லாம் மாட்டியாச்சு" என்று வைத்துவிட்டார்கள். பின்கள் போரிங் போடும்போது கழன்றிருக்கலாம் என்று, பிளாக் போரிங்குக்குப் போன லேத் பட்டறை எது என்று பழைய பில்லைத் தேடிப் பார்த்து, பஸ் ஏறிப் போனேன். அங்கிருந்த தம்பி ஒரு பழைய பெயின்ட் டப்பாவைக் கொண்டுவந்து தரையில் கொட்டினான். வாஷர், உடைந்த ஸ்டட், நட்டு, எல்லாம் ஆயில் பிசுக்கில் ஒட்டிக்கிடந்தன. அரைமணி நேரம் குந்தி உட்கார்ந்து பொறுக்கியதில் ஒரே அளவில் இரண்டு பின் கிடைத்தன. அவை என் வண்டியுடையவைதானா என்று சத்தியம் பண்ண முடியாது, ஆனால் பெரியவர் ஓட்டையில் வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டியதும் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டன. தம்பி காசு வாங்கவில்லை.

பாக்ஸை ஏற்றி, 140 ஆயிலை வடித்து 75டபிள்யூ-90 ஊற்றி, கேபிளைத் தளர்த்தி வைத்தார். கேபிளை முறுக்கி வைத்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுற்றித் தேய்ந்துவிடும், பிளேட்டும் வழுக்க ஆரம்பிக்கும். கூலி 2,500.

வேலைக்கு விடும்போதே, பிளாக் லேத்திலிருந்து திரும்பியதும் டவல் பின் இரண்டும் இருக்கின்றனவா என்று போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். பாக்ஸை ஏற்றிய பிறகு கண்ணுக்குத் தெரியாது.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை வடித்து இரும்புத்தூள் வருகிறதா பார்க்க வேண்டும் என்றார் பெரியவர். அது வரை மூன்றாம் கியரில் கொஞ்சம் காதைக் கொடுத்து ஓட்டச் சொல்லியிருக்கிறார். நேற்று வீரவநல்லூர் வழியாகத்தான் வந்தேன். கடைத்தெருவில் தேவையே இல்லாமல் நிறுத்தி ஒருமுறை ரிவர்ஸ் போட்டுப் பார்த்தேன், சத்தமே இல்லாமல் விழுந்தது. அம்மாவுக்கு அடுத்த பரிசோதனை வியாழக்கிழமை, வண்டியிலேயே போகிறோம்.