மாமாவை வெட்டியது யார்?

மாமா டிவியில் பேசினார். ஆனால் பாதிதான் பேசினார். மீதிப் பாதியைச் சேனல்காரர்கள் திட்டம் போட்டு வெட்டிவிட்டார்கள் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் அவரைத் தவிர வேறு உறுப்பினர் கிடையாது என்பது வேறு விஷயம்.

பிள்ளைகள் எந்நேரமும் செல்போனும் கையுமாகத் திரிவதற்கு யார் காரணம் என்று ஒரு விவாத நிகழ்ச்சி. பார்வையாளர் வரிசையில் மாமாவுக்கு இடம் கிடைத்தது. மைக்கும் கிடைத்தது. மைக் கிடைத்தால் மாமா சும்மா விடுகிற ஆள் இல்லை. ஒளிபரப்பான அன்று அவரும் அத்தையும் பயணத்தில் இருந்ததால், செட்டாப் பாக்ஸில் 64 ஜிபி பென் டிரைவைச் செருகி டைமர் வைத்துவிட்டுப் போயிருந்தார். "டிவிக்காரன் எப்ப ஆரம்பிப்பான், எப்ப முடிப்பான்னு யாருக்குத் தெரியும்?" என்று முன்னும் பின்னும் தாராளமாக விட்டு, மொத்தம் நாலு மணி நேரத்துக்கு.

திரும்பி வந்து போட்டுப் பார்த்தால், திரையில் மாமா எழுந்து நிற்கிறார். சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறார். "எல்லாரும் சுத்திச் சுத்திப் பேசறீங்க. நான் நேரடியாவே சொல்றேன். இதுக்கு முழுப் பொறுப்பு..." என்று ஆள்காட்டி விரலை உயர்த்துகிறார். திரை கறுப்பாகிறது. மறுபடி படம் வரும்போது விரல் கீழே இறங்கிவிட்டது. தொகுப்பாளர் தலையாட்டிக்கொண்டிருக்கிறார். மாமா வேறு எதையோ விளக்கிக்கொண்டிருக்கிறார்.

யார் பொறுப்பு? அது மட்டும் காணோம்.

"பாத்தியா மாப்ளே? பேரைச் சொன்னேன், கட் பண்ணிட்டாங்க!"

"என்ன பேர் மாமா சொன்னீங்க?"

"அந்தப் பதட்டத்துல எவனுக்கு ஞாபகம் இருக்கு? ஆனா கட் பண்ற அளவுக்குன்னா, சும்மா ஆளைச் சொல்லியிருக்க மாட்டேன்."

நிகழ்ச்சியைப் பார்த்த சொந்தக்காரர்களிடம் விசாரித்தோம். ஒருவருக்கும் நினைவில்லை. விவாத நிகழ்ச்சியில் யார் என்ன சொன்னார் என்று யார்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்? ஒரு சித்தி மட்டும், "சட்டை நல்லா இருந்துச்சு" என்றார்.

பென் டிரைவ் என்னிடம் வந்தது. உள்ளே இருந்தது ஒரு ரெக்கார்டிங் இல்லை, நாலு ஃபைல். முதல் மூன்றும் ஒரு பைட்கூடப் பிசகாமல் ஒரே அளவு: 4,29,49,67,295 பைட். இந்த எண்ணைப் பார்த்ததுமே வெட்டிய ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. சேனல் இல்லை. ஃபேட்32.

பென் டிரைவில் ஃபைல்களை எப்படி அடுக்குவது என்பதற்கான பழைய ஏற்பாடு இது. 1996 இல், விண்டோஸ் 95 இன் பிந்தைய பதிப்போடு வந்தது. ஒவ்வொரு ஃபைலின் அளவையும் குறித்து வைக்க அதில் 32 பிட், அதாவது நாலே நாலு பைட் இடம்தான் உண்டு. அதற்குள் எழுதக்கூடிய மிகப் பெரிய எண், மேலே சொன்ன அதே எண். 4 ஜிபிக்கு ஒரே ஒரு பைட் குறைவு. வீட்டுக் கணினியின் ஹார்ட் டிஸ்கே ஓரிரு ஜிபி இருந்த காலத்தில், ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொடும் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

மாமா சிரிக்கவில்லை. "64 ஜிபி வாங்கியிருக்கேன். இன்னும் முக்காவாசி காலியா கெடக்கு. நாலுக்கு மேல வைக்க மாட்டேங்குதுன்னா என்ன அர்த்தம்?"

"மாமா, விண்ணப்பத்துல பேர் எழுத எட்டுக் கட்டம்தான் விட்டிருக்கான்னு வைங்க. உங்க பேர் எவ்வளவு நீளம்னாலும் எட்டு எழுத்தோட நிறுத்தணும். பேப்பர் பூரா வெள்ளையா இருந்தாலும் கட்டம் எட்டுதான்."

"அந்த விண்ணப்பத்தையும் இவனுங்கதான் அடிச்சானுங்களா?"

கணக்குப் போட்டுக் காட்டினால் ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அந்த ஹெச்டி சேனலின் வீடியோவும் ஆடியோவும் சேர்ந்து நொடிக்குச் சுமார் 8 மெகாபிட், அதாவது நொடிக்கு ஒரு மெகாபைட் (பத்து லட்சம் பைட்). 4 ஜிபி நிரம்ப 4,295 நொடி. நிமிடத்தில் சொன்னால் 71 நிமிடம் 35 நொடி. ரெக்கார்டிங் ஆரம்பித்துச் சரியாக அந்த நேரத்தில்தான் மாமாவின் விரல் மேலே போயிருக்கிறது. பாக்ஸ் தன் கடமையைச் செய்து முதல் ஃபைலை மூடி, அடுத்ததைத் திறந்தது. இதைச் சொன்னதும் மாமா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எனக்கு மைக் குடுக்கிற நேரத்தைக் கணக்குப் பண்ணித்தான் குடுத்திருக்காங்க" என்றார். இவரிடம் கணிதம் எடுபடாது.

இதற்கு நடுவில் மாமா பையன் களத்தில் இறங்கியிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. விளம்பரங்களை எடுத்துவிட்டால் அப்பா சந்தோஷப்படுவார் என்று, எங்கிருந்தோ இறக்கிய ஏதோ ஒரு இலவச மென்பொருளில் ஃபைலைப் போட்டுத் தோன்றிய இடத்தில் வெட்டி வைத்திருந்தான். போட்டுக் காட்டினான். பற்பசை விளம்பரப் பெண் பளிச்சென்று சிரிக்கிறாள். அடுத்த கணம் அந்த முகம் அப்படியே நிற்க, அதன் நடுவில் மாமாவின் உதடுகள் மட்டும் அசைகின்றன. "எல்லாரும் சுத்திச் சுத்திப் பேசறீங்க" என்று மாமாவின் குரல். கன்னத்தில் மெல்ல மெல்ல மீசை முளைக்கிறது. ஒரு தோள்பட்டையில் மாமாவின் கட்டம் போட்ட சட்டை, இன்னொன்றில் அந்தப் பெண்ணின் தலைமுடி. ஒரு நொடி கழித்து சடாரென்று மாமா முழுசாக வந்துவிட்டார். அத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை.

பையனைக் குறை சொல்ல முடியாது. டிஜிட்டல் டிவியில் நொடிக்கு 25 படம் என்றால் இருபத்தைந்தும் முழுப் படமாக வருவதில்லை. அவ்வப்போது ஒரு முழுப் படம் வரும். எடிட்டிங் ஆட்கள் அதைக் கீஃப்ரேம் என்பார்கள். அதற்கு நடுவில் வருவதெல்லாம், முந்தைய படத்திலிருந்தோ பிந்தைய படத்திலிருந்தோ என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும்தான். கீஃப்ரேமைத் தூக்கி எறிந்துவிட்டு நடுவில் வெட்டினால், அந்தக் குறிப்பெல்லாம் கடைசியாகக் கிடந்த படத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே கடைசியாகக் கிடந்தது பற்பசைப் பெண்.

அவனுடைய இன்னொரு சாதனையும் இருந்தது. நாலு ஃபைலையும் விண்டோஸ் கட்டளை ஜன்னலில் 'காப்பி' போட்டு, நடுவே கூட்டல் குறி வைத்து ஒட்டியிருந்தான். கிடைத்தது ஒரு குட்டியூண்டு ஃபைல். "மச்சான், செமையா கம்ப்ரஸ் ஆயிடுச்சு!" என்றான். 14 ஜிபி அவ்வளவு சிறியதாகச் சுருங்குமென்றால் ஹார்ட் டிஸ்க் கம்பெனிகளெல்லாம் கடையைச் சாத்த வேண்டியதுதான். கூட்டல் குறி போட்டு ஒட்டும்போது, அந்தக் கட்டளை நாம் வேறு விதமாகச் சொல்லாதவரை உள்ளே இருப்பதை எழுத்து என்றே எடுத்துக்கொள்ளும். 26 என்ற பைட்டைக் கண்டால் 'முற்றும்' என்று நினைத்து அந்த ஃபைலை அங்கேயே விட்டுவிடும். வீடியோவில் 26 எங்கே பார்த்தாலும் இருக்கும். கட்டளையில் ஒரு சாய்கோடு, ஒரு 'பி' சேர்த்துவிட்டால் போதும், 26 ஆவது 260 ஆவது என்று எதையும் பார்க்காமல் பைட் பைட்டாக ஒட்டும்.

இந்த இடத்தில் டிவி ரெக்கார்டிங்கின் ஒரு நல்ல குணத்தைச் சொல்லியே ஆகவேண்டும். டிஎஸ் என்று முடிகிற இந்த ஃபைல்கள், 188 பைட் கொண்ட சின்னச் சின்னப் பொட்டலங்களின் வரிசை. ஒவ்வொன்றும் 71 என்ற பைட்டில் ஆரம்பிக்கும். காற்றில் வரும்போது எந்த நேரத்தில் எவன் டிவியைப் போட்டாலும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதனால் ஒன்றின் வாலில் இன்னொன்றின் தலையை அப்படியே ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும். எம்பி4 ஃபைல்களை இப்படி ஒட்டிப் பாருங்கள், இரண்டாவது பாதி இருப்பதே பிளேயருக்குத் தெரியாது. (71 நிமிடம், 71 பைட் என்ற ஒற்றுமையை மாமாவிடம் நான் வாயே திறக்கவில்லை.)

வெட்டு விழுந்த இடத்தைப் பைட் கணக்கில் பார்த்தேன். 4,29,49,67,295 ஐ 188 ஆல் வகுத்தால் மீதி 135. அதாவது முதல் ஃபைலின் கடைசிப் பொட்டலத்தில் 135 பைட் இங்கே, மிச்சம் 53 பைட் அடுத்த ஃபைலின் தொடக்கத்தில். இரண்டும் தனித்தனியாக இருக்கும்வரை அந்தப் பொட்டலம் யாருக்கும் உபயோகமில்லை. அதுகூடப் பரவாயில்லை. இரண்டாவது ஃபைலைத் திறக்கிற பாக்ஸ், அடுத்த கீஃப்ரேம் வரும்வரை படத்தையும் காட்டாமல் சத்தத்தையும் விடாமல் மென்று முழுங்கியிருக்கிறது. மாமா சொன்ன பெயர் அந்தக் கறுப்பில்தான் மாட்டிக்கொண்டது.

ஆக, ஃபைலில் எதுவும் தொலையவில்லை. ஒட்டினால் போதும். ஒட்டியதை மறுபடி அதே பென் டிரைவில் வைக்க முடியாது, அதே 4 ஜிபி சுவர். அந்தச் சுவர் இல்லாத என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டில் இருந்த என் ஹார்ட் டிஸ்கில் 14 ஜிபி இடம் ஒதுக்கி ஒட்டினேன். எக்ஸ்ஃபேட் என்று ஒன்று 2006 இலேயே வந்துவிட்டது, அதில் இந்த வம்பு இல்லை. ஆனால் மாமா வீட்டு பாக்ஸுக்கு அதெல்லாம் தெரியாது. பென் டிரைவைச் செருகியதும் தனக்குத் தெரிந்த ஃபேட்32 இல் ஃபார்மேட் பண்ணிக்கொண்டுதான் வேலையை ஆரம்பிக்கும். ரெக்கார்டிங்கைப் பூட்டி வைத்து, தன்னைத் தவிர வேறு எதிலும் ஓடவிடாத பாக்ஸ்களும் உண்டு. இது அந்த வகை இல்லை என்பதே பெரிய உபகாரம்.

ஒட்டியாயிற்று. குடும்பமே கூடிவிட்டது. 71 ஆவது நிமிடத்துக்குத் தள்ளினேன். மாமா எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டார், விரலை உயர்த்தினார்.

"இதுக்கு முழுப் பொறுப்பு... நாம எல்லாரும்தான்!"

யாரும் எதுவும் பேசவில்லை. திரையில் மட்டும் கைதட்டல். அத்தைதான் முதலில் வாய் திறந்தார்: "இதைச் சொல்லத்தான் ஆளைக் கட் பண்ணிட்டாங்கன்னு ஊரைக் கூட்டினீங்களா?"

மாமா அசரவில்லை. "ஏன், நாம எல்லாரும்னா அதுல பெரிய ஆளுங்களும் வருவாங்கள்ல?"

அப்புறம் எடிட்டிங். தான் பேசியது மட்டும் தனியாக வேண்டும் என்றார். பெரிய எடிட்டிங் மென்பொருள் பக்கமே போகவில்லை. 14 ஜிபியை அதில் போட்டால் அலசி, வேறு வடிவத்துக்கு மாற்றி, கடைசியில் மொத்தப் படத்தையும் மறுபடி சுருக்கி எழுதித்தான் தரும். மின்விசிறி அலறும், படமும் கொஞ்சம் மங்கும். நான் எடுத்தது லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருள். இருப்பதைத் தொடாமல் வெட்டி மட்டும் கொடுக்கும், ஹார்ட் டிஸ்க் வேகத்தில் வேலை முடிந்துவிடும். ஒரே நிபந்தனை, கீஃப்ரேமில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

அங்கேதான் இயக்குநர் விழித்துக்கொண்டார். "நான் எந்திரிக்கிறதுலேருந்து வரணும்." சரி. கீஃப்ரேம் அதற்கு அரை நொடி முன்னால் இருந்தது. அந்த அரை நொடியில் பக்கத்து இருக்கைக்காரர் பெரிதாகக் கொட்டாவி விடுகிறார். "அவரைத் தூக்கு." அடுத்த கீஃப்ரேமுக்குப் போனால் மாமா ஏற்கனவே நின்றுகொண்டிருக்கிறார். "எந்திரிக்கிறதுலதான் கம்பீரமே இருக்கு மாப்ளே." நடுவில் ஒரு இடத்தில் காது குடைகிறார். அதுவும் போக வேண்டுமாம். ஆனால் அப்போது பேசிக்கொண்டும் இருக்கிறார், அந்தப் பேச்சு இருக்க வேண்டுமாம். கடைசியில் கொட்டாவியை வெட்டிவிட்டு, மாமா எழுவதிலிருந்து அடுத்த கீஃப்ரேம் வரைக்குமான துண்டை மட்டும் மறுபடி என்கோட் பண்ணி, அதாவது சுருக்கி எழுதி, சரிசெய்தேன். காதை விட்டுவிட்டேன். சிந்தனையில் ஆழ்ந்திருப்பது போல இருக்கிறது என்று அத்தை சொன்னதும் மாமா அதை ஏற்றுக்கொண்டார்.

வேலை முடிந்தது. 68 நொடி. ஃபைலைப் பார்த்த மாமாவின் முகம் தொங்கிவிட்டது.

"68 எம்பியா? மொத்தம் 14 ஜிபில நான் வெறும் 68 எம்பியா?"

"நொடிக்கு ஒரு எம்பி மாமா. நீங்க பேசினது 68 நொடி."

"அதுவே ஜாஸ்தி" என்றார் அத்தை.

மாமா கொஞ்ச நேரம் பென் டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஒரு ஃபைல் நாலு ஜிபி வரைக்கும் போகலாம்னுதானே சொன்னே? அப்ப இதையே திரும்பத் திரும்ப ஒட்டி, நாலு ஜிபி ஆக்கிக் குடேன். யாராவது வந்தா டிவில போட்டு விட்டுடலாம்."

சிரித்துவிட்டேன். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தது. 63 முறை ஒட்டினாலும் தாங்கும். 64 ஆவது முறைதான் மாமாவைப் பாதியில் வெட்டும்.