சிவன்மலை உத்தரவுப் பெட்டி: எதைப் பார்க்கிறோம், எப்படிப் பார்க்கிறோம்

காங்கயத்தை ஒட்டியுள்ள சிவன்மலையில் சுப்பிரமணிய சுவாமியைத் தரிசித்துவிட்டு வருகிற கூட்டம், முன்மண்டபத் தூணில் இருக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பார்க்காமல் இறங்காது. அதுதான் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி. உள்ளே ஒரு பிடி உப்பு இருக்கலாம், ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கலாம், மஞ்சள் இருக்கலாம். அந்தந்தக் காலத்தில் எந்தப் பொருளுக்கு உத்தரவு ஆகியிருக்கிறதோ, அது.

நடைமுறை எளிது. யாரோ ஒரு பக்தரின் கனவில் ஆண்டவன் வந்து ஒரு பொருளைச் சொல்கிறார். அவர் கோயிலில் வந்து தெரிவிக்கிறார். கனவு கண்டேன் என்றதும் எடுத்து வைத்துவிட மாட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து வைத்துச் சந்நிதியில் பூக் கேட்பார்கள், அதாவது ஒரு பொட்டலத்தை எடுத்துப் பார்ப்பார்கள். வெள்ளை வந்தால்தான் உத்தரவு. பழைய பொருளை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துப் பூஜை செய்வார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். இத்தனை நாள் என்று கணக்கு கிடையாது.

வைத்த பொருள் நாட்டில் ஏதோ ஒரு தாக்கத்தை உண்டாக்கும் என்பது நம்பிக்கை. தண்ணீர் வைத்தபோது 2004 சுனாமி வந்தது, துப்பாக்கி வைத்தபோது 1999 கார்கில் போர் மூண்டது, மண் வைத்த பிறகு நிலத்தின் விலை ஏறியது என்று மலைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். கேட்கும்போது மயிர்க்கூச்செறியும். அதை மறுக்கத் தேவையில்லை; ஆனால் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

பெட்டி சொல்வது பொருளை மட்டும்தான். எந்த ஊர், எந்த மாதம், ஏறுமா இறங்குமா என்று எதுவும் சொல்வதில்லை. தண்ணீர் இருக்கையில் மழை கொட்டினாலும் பலித்தது, பொய்த்தாலும் பலித்தது, கடல் பொங்கினாலும் பலித்தது. காலக்கெடுவும் இல்லாததால், பொருள் உள்ளே இருக்க இருக்க ஏதாவது ஒன்று பொருந்திவிடும். ஒன்றும் நடக்காமல் மாறிப்போன பொருள்களை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைத்தான் பேசுவோம். காக்கை உட்கார்ந்தும் விழாத பழத்தை யார் பேசப் போகிறார்கள்?

பார்க்கிறவரின் பிழைப்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. காங்கயம் கொப்பரைக் களங்களும் அரிசி ஆலைகளும் நிறைந்த ஊர். பக்கத்தில் ஈரோட்டு மஞ்சள் சந்தை. தேங்காய் வந்தால் களத்துக்காரருக்கு அது எண்ணெய் விலை. திருமணத்துக்குப் பெண் பார்க்கும் வீட்டாருக்கு அதே தேங்காய் நல்ல சகுனம். மஞ்சளைப் பார்த்து விவசாயி மூட்டையை இருப்பு வைக்கலாமா என்று யோசிப்பார். வேண்டாம். கடன் வாங்கி இருப்பு வைக்க அது உத்தரவு அல்ல. விலை எந்தப் பக்கம் போகும் என்று பெட்டியில் எழுதியிருக்கவில்லை.

உண்மையிலேயே சோதித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர், மலையில் இருக்கும்போதே பொருளையும் தேதியையும் எழுதி, 'ஆறு மாதத்துக்குள் இன்னது நடக்கும்' என்று ஒரே ஒரு பலனைப் பக்கத்தில் குறித்துவிட வேண்டும். நடந்த பிறகு பெட்டியை நினைத்துக்கொள்வது கணக்கில் வராது.

சொந்தக் காரியத்துக்குப் பூக் கேட்பது கொங்கு நாட்டில் பரவலான வழக்கம். பெண் எடுப்பது, கிணறு வெட்டுவது என்று எதற்கும் கேட்பார்கள். அதில் கெடுவது பெரும்பாலும் பொட்டலத்தில்தான். செவ்வரளியும் நந்தியாவட்டையும் ஒரே கனம் அல்ல. தொட்டாலே வித்தியாசம் தெரியும். அதனால் தாளும் மடிப்பும் ஒரே அளவாக இருக்க வேண்டும், பூவைக் குறைத்தோ கூட்டியோ கனத்தைச் சரிசெய்ய வேண்டும், மடித்தவர் கையால் எடுக்கக் கூடாது. விவரம் தெரியாத குழந்தையை எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். கேள்வியும் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். 'இந்த இடம் வாங்கலாமா, இந்த வருஷமே வாங்கலாமா' என்று இரண்டைச் சேர்த்துக் கேட்டால் வந்த பூ எதற்கு என்று வீட்டில் சண்டைதான் வரும்.

அடுத்த கோளாறு, சிவப்பு வந்ததும் 'சாமி, இன்னொரு தடவை' என்பது. ஒருமுறை கேட்டால் வெள்ளை வர இரண்டுக்கு ஒன்று வாய்ப்பு. மூன்று முறை கேட்டால் ஒரு தடவையாவது வெள்ளை வர எட்டுக்கு ஏழு. அதாவது, விரும்பிய பதில் வரும்வரை கேட்கிறவருக்கு அது கட்டாயம் வந்தே தீரும். மூன்றும் வெள்ளையாக வந்தால்தான் சரி என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேட்பது வேறு. அதற்கு எட்டுக்கு ஒன்றுதான்.

மலையேறப் படிக்கட்டும் உண்டு, வாகனம் போகிற பாதையும் உண்டு. வெயிலுக்கு முன் படியேறுவது நல்லது. தைப்பூசத் தேர் சமயத்தில் பெட்டிக்கு முன் நின்று பார்க்க இடம் கிடைக்காது; வேறு நாளில் போனால் உள்ளே இருக்கும் பொருளை நிதானமாகப் பார்க்கலாம். அருணகிரிநாதர் பட்டாலியூர் என்று பாடிய தலம் இது. பெட்டியோடு நின்றுவிடாமல் அந்தத் திருப்புகழையும் சந்நிதியில் சொல்லிவிட்டு வாருங்கள்.